கைதட்டல் கேட்காத பாட்டு லைவ் ஆல்பத்துக்குள் வந்தது எப்படி?

அமெரிக்க ராக் பாடகி பாட் பெனடாரின் மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒன்று ‘லவ் இஸ் எ பேட்டில்ஃபீல்ட்’. அது எந்த ஆல்பத்தில் வந்தது என்று தேடினால் கிடைக்கும் பெயர் ‘லைவ் ஃப்ரம் எர்த்’. 1983-இல் வெளியான லைவ் ஆல்பம், அதாவது ரசிகர்கள் முன்னால் மேடையில் பாடியதைப் பதிவு செய்த தொகுப்பு. ஆனால் பாட்டைப் போட்டுக் கேட்டால் கூட்டத்தின் சத்தம் துளியும் இல்லை. விசில் இல்லை, கைதட்டல் இல்லை, பாட்டு முடிந்ததும் எழும் ஆரவாரமும் இல்லை. சுத்தமான ஸ்டூடியோ ஒலி.

இது பெயர் தவறிப் பதிந்ததால் வந்த குழப்பம் இல்லை. அந்தப் பாட்டு உண்மையிலேயே அந்த ஆல்பத்தில்தான் முதலில் வந்தது. பத்துப் பாட்டுகளில் எட்டு மேடையில் பதிவானவை. கடைசி இரண்டு ஸ்டூடியோவில் பதிவானவை. லைவ் ஆல்பம் என்று பெயர் வைத்துவிட்டு ஏன் இப்படிச் செய்தார்கள்? அது ஏமாற்றா? மற்ற எட்டுப் பாட்டுகளாவது ‘உள்ளது உள்ளபடி’ பதிவானவையா? இவற்றுக்குப் பதில் தெரிய, ஒரு லைவ் ஆல்பம் எப்படி உருவாகிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

பாடகி யார்?

பாட் பெனடார் 1953 ஜனவரி 10 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். இயற்பெயர் பாட்ரிசியா ஆண்ட்ரெஜெவ்ஸ்கி. வளர்ந்தது லாங் ஐலண்டின் லிண்டன்ஹர்ஸ்ட் ஊரில். சிறு வயதிலேயே ஆப்ரா பாணியில் குரல் பயிற்சி பெற்றார். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் வங்கிக் காசாளராகச் சில காலம் வேலை பார்த்தவர், 1975-இல் நியூயார்க்குக்குத் திரும்பி ‘கேட்ச் எ ரைஸிங் ஸ்டார்’ என்ற கிளப்பில் பாடத் தொடங்கினார். 1978-இல் கிரிசாலிஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு ஆல்பம். 1979, 1980, 1981, 1982 என்று நான்கு ஸ்டூடியோ ஆல்பங்கள். 1981-இல் வந்த ‘பிரீஷியஸ் டைம்’ அமெரிக்க ஆல்பங்களின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. சிறந்த பெண் ராக் குரலுக்கான கிராமி விருதை 1981 முதல் 1984 வரை தொடர்ந்து நான்கு முறை வாங்கினார். முதல் ஆல்பத்திலிருந்தே அவருடன் கிடார் வாசித்தவர் நீல் ஜிரால்டோ. பாட்டுகள் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் பாதிக்கு மேல் இவர் கையில்தான் இருந்தது. இருவரும் 1982-இல் மணம் செய்துகொண்டார்கள். 2022-இல் ராக் இசைக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவமும் இருவர் பேருக்கும் சேர்த்தே தரப்பட்டது. அது சரியான முடிவு. இந்த ஆல்பத்தைக் கேட்டால் ஏன் என்று புரியும்.

அரீனா ராக்: கட்டடம் தீர்மானித்த இசை

அரீனா என்றால் அமெரிக்காவில் கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் கட்டிய, கூரை போட்ட பெரிய உள்ளரங்கு. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை உட்காரலாம். 1970-களில் ராக் குழுக்கள் இந்த அரங்குகளுக்குள் நுழைந்தபோது, இசையே அதற்கேற்ப மாறியது. திறந்தவெளி ஸ்டேடியம் வேறு கணக்கு. ராக் பாடகி டினா டர்னர் 1988 ஜனவரியில் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் ஏறக்குறைய 1,80,000 பேர் முன் பாடியதை அரீனா கச்சேரி என்று யாரும் சொல்வதில்லை.

இந்த அரங்குகள் இசைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கான்கிரீட் சுவர், இரும்புக் கூரை, வழுவழுப்பான தரை. எழுந்த ஒலி அடங்காமல் சுற்றிச் சுற்றி வரும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு டிரம் அடி கேட்க 0.17 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் போகும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி அரை நொடிதான். அதில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையும் சேர்த்துக்கொண்டால், நுணுக்கமாக வேகமாக வாசிப்பதெல்லாம் குழம்பிய கூழாகிவிடும்.

ஆகவே அரீனாவில் எடுபடுவது எது என்பதைக் கட்டடமே சொல்லிக் கொடுத்தது. டிரம்ஸ் அடி தெளிவாக, இடைவெளி விட்டு விழ வேண்டும். கிடார் நாதங்கள் நீளமாக நிற்க வேண்டும். பல்லவி சிறியதாக, கடைசி வரிசையில் இருப்பவரும் உடனே பிடித்துக்கொண்டு கூடவே பாடும்படி இருக்க வேண்டும். குரலுக்கு இன்னொரு தேவை உண்டு: கிடார் சத்தத்தின் மேலே ஏறி நிற்க வேண்டும். வெறுமனே கத்தினால் ஒரு வாரத்தில் தொண்டை போய்விடும். இங்கேதான் பெனடாரின் ஆப்ரா பயிற்சி கைகொடுத்தது. மூச்சை வயிற்றிலிருந்து தாங்கி, மேல் ஸ்தாயியில் கூர்மையாக நிறுத்துவது அவருக்குச் சிறு வயதிலேயே பழகிய வித்தை. கிடார் இருக்கும் உயரத்தைத் தாண்டிப் போய், அதன் தலைக்கு மேல் நின்று பாடுவார்.

லைவ் ஆல்பம் எப்படிப் பதிவாகிறது?

மேடை முன் ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்துவிட்டால் லைவ் ஆல்பம் ஆகிவிடாது. அரீனாவில் அப்படிச் செய்தால் கேட்பது பெரும்பாலும் எதிரொலிதான். 1980-களின் தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் கடைப்பிடித்த வழி இது:

1. மேடையிலுள்ள ஒவ்வொரு மைக்கின் ஒலியும் மூன்றாகப் பிரிக்கப்படும். ஒரு பங்கு அரங்கின் ஒலிபெருக்கிகளுக்கு, ஒரு பங்கு கலைஞர்களுக்கு எதிரே தரையில் இருக்கும் மானிட்டர் பெட்டிகளுக்கு, மூன்றாவது பங்கு அரங்குக்கு வெளியே நிற்கும் லாரிக்கு. அந்த லாரிதான் நடமாடும் ஒலிப்பதிவுக் கூடம்.

2. லாரிக்குள் இரண்டு அங்குல அகலமுள்ள டேப்பில் 24 தனித்தனித் தடங்களில் பதிவாகும். குரலுக்கு ஒரு தடம், பேஸ் கிடாருக்கு ஒன்று, டிரம்ஸின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொன்று. 2,500 அடி நீளமுள்ள ஒரு ரீல், நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடினால் 33 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 30 அங்குல வேகத்தில் ஓடினால் 16 நிமிடம் 40 நொடிதான். பாட்டின் நடுவில் டேப் தீர்ந்தால் அந்தப் பாட்டு போயிற்று. அதனால் இரண்டு எந்திரங்களை வைத்து, ஒன்று தீரும் முன்பே மற்றதை ஓட விடுவார்கள்.

3. ரசிகர்களுக்கென்றே அரங்கில் தனி மைக்குகள் வைக்கப்படும். கூட்டத்தின் சத்தம் தனித் தடங்களில் சேரும். இது முக்கியமான விஷயம். கூட்டம் தனித் தடத்தில் இருப்பதால் பின்னால் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், வேறு இடத்தில் ஒட்டலாம்.

4. ஒரு இரவு மட்டும் பதிவு செய்வது அபூர்வம். பல இரவுகளைப் பதிவு செய்து, ஒவ்வொரு பாட்டுக்கும் நன்றாக அமைந்த இரவைத் தேர்ந்தெடுப்பார்கள். ‘லைவ் ஃப்ரம் எர்த்’ அப்படித்தான்: 1982–83 சுற்றுப்பயணத்தின்போது பிரான்ஸிலும் கலிஃபோர்னியாவிலும் பதிவான பாட்டுகள் ஒரே தட்டில் சேர்ந்தன.

5. பிறகு ஸ்டூடியோவில் மிக்ஸிங். தடங்களின் அளவைச் சரிசெய்து இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலியாகக் குறுக்குவது. ஒரு பாட்டின் முடிவில் எழும் கைதட்டலை அடுத்த பாட்டின் தொடக்கத்தில் இருக்கும் ஆரவாரத்தோடு மெல்லக் கலந்துவிட்டால், இரண்டு ஊர்களில் பதிவானவை ஒரே இரவின் கச்சேரி மாதிரி காதில் விழும்.

6. மேடையில் பிசகிய பகுதியை ஸ்டூடியோவில் மறுபடி பாடி அல்லது வாசித்து, அதே தடத்தில் செருகுவதும் உண்டு. இதற்குப் பெயர் ஓவர்டப். இது எப்போதும் சுலபமில்லை. பாடகியின் மைக்கில் டிரம்ஸ் சத்தமும் கிடார் சத்தமும் சேர்ந்தே கசிந்திருக்கும். குரலை மட்டும் மாற்றினால் பின்னணியில் இருந்த டிரம்ஸின் சாயலும் அந்த இடத்தில் சட்டென்று மாறும். பழகிய காது கண்டுபிடித்துவிடும்.

இந்த ஆறு படிகளில் முதல் மூன்று மட்டுமே கச்சேரி இரவில் நடப்பவை. ஆல்பத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது அதற்குப் பின் வரும் மூன்றும்தான். ஆகவே எந்த லைவ் ஆல்பமும், நேர்மையாகச் செய்யப்பட்டதுகூட, தொகுத்து அமைத்த பொருள்தான். ‘லைவ் ஃப்ரம் எர்த்’ என்ற பெயரே இதை ஒப்புக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ‘புடோக்கானில்’, ‘ஃபில்மோரில்’ என்று ஒரு அரங்கின் பெயரைச் சொல்லவில்லை. பூமியிலிருந்து என்று சொல்லிவிட்டது. பிரான்ஸும் கலிஃபோர்னியாவும் சேர்ந்த ஒரு மேடைக்கு வேறு முகவரி ஏது?

இதைவிடப் பெரிய ஒட்டுவேலைகள்

லைவ் ஆல்பத்தின் நேர்மை பற்றிய சர்ச்சை பெனடாருக்கு வெகு முன்பே தொடங்கியது.

ஜானிஸ் ஜாப்லின் பாடிய ‘சீப் த்ரில்ஸ்’ 1968-இல் வந்தபோது கேட்டவர்கள் அதை மேடைப் பதிவு என்றே நம்பினார்கள். அதில் பெரும்பாலான பாட்டுகள் ஸ்டூடியோவில் பதிவானவை. மேலே கூட்டத்தின் சத்தம் சேர்க்கப்பட்டது. ‘பால் அண்ட் செயின்’ மட்டும் சான் ஃபிரான்சிஸ்கோவில் மேடையில் பதிவானது. கிஸ் குழுவின் 1975 ஆல்பமான ‘அலைவ்!’ ஸ்டூடியோவில் வெகுவாகச் சரிசெய்யப்பட்டது என்று அதை உருவாக்கியவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழு 1979-இல் ஜப்பானில் பதிவு செய்த ஆல்பத்துக்கு, தொண்டை கட்டியிருந்த பாடகர் குரலை ஸ்டூடியோவில் மறுபடி பாடிக் கொடுத்தார். தின் லிஸ்ஸி குழுவின் 1978 ஆல்பத்தில் எவ்வளவு மேடையில் நடந்தது என்பதில் அதன் தயாரிப்பாளருக்கும் குழுவினருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ‘லைவ் ஃப்ரம் எர்த்’ செய்தது என்ன என்பது தெளிவாகும். புதிய இரண்டு பாட்டுகளுக்கும் கூட்டத்தின் சத்தத்தை ஒட்டியிருக்கலாம். தனித் தடத்தில் பிரான்ஸ் ரசிகர்களின் ஆரவாரம் தயாராக இருந்தது. அரை நாள் வேலை. ஒட்டவில்லை. எட்டாவது பாட்டு ‘ஹார்ட்பிரேக்கர்’ முடிந்ததும் கூட்டம் மறைகிறது. ஒன்பதாவது பாட்டு ஸ்டூடியோ அமைதியில் தொடங்குகிறது. கேட்பவருக்கு முதலில் குழப்பம் தருவது இந்த அமைதிதான். ஆனால் இந்த ஆல்பத்தின் நேர்மைக்குச் சாட்சியும் அதுதான். கூட்டம் இல்லாத இடத்தில் கூட்டம் இருந்ததாகக் காட்டவில்லை.

சரி, ஸ்டூடியோ பாட்டுகள் எதற்கு?

இதற்குக் காரணம் கலையைவிட வணிகத்தில் அதிகம்.

1. பழைய ரசிகரிடம் எல்லாப் பாட்டும் ஏற்கெனவே இருக்கிறது. எட்டு மேடைப் பாட்டுகளும் முந்தைய நான்கு ஆல்பங்களில் வந்தவை. அவற்றை வாங்கியவர் மறுபடி காசு கொடுக்க வேண்டுமென்றால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று உள்ளே இருக்க வேண்டும்.

2. வானொலிக்குப் புதுப்பாட்டு வேண்டும். பீட்டர் ஃபிராம்ப்டனின் 1976 இரட்டை ஆல்பமும், சீப் ட்ரிக் குழு 1978-இல் டோக்கியோவில் பதிவு செய்த ஆல்பமும் மேடைப் பாட்டுகளாலேயே பெருவெற்றி பெற்றவை. ஆனால் அவர்களுடைய ஸ்டூடியோப் பதிவுகள் அதற்கு முன் அமெரிக்காவில் பெரிதாக ஓடியிருக்கவில்லை. பெனடாரின் நிலை நேர்மாறானது. ‘ஹிட் மீ வித் யுவர் பெஸ்ட் ஷாட்’ 1980-லேயே அமெரிக்காவில் ஒன்பதாம் இடம் வரை போன பாட்டு. அதன் மேடை வடிவத்தை வானொலி மறுபடி தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாது.

3. எம்டிவி, அதாவது பாட்டு வீடியோக்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சி. 1981 ஆகஸ்ட் 1 அன்று அந்த அலைவரிசை தொடங்கியபோது இரண்டாவதாக ஒளிபரப்பான வீடியோ பெனடாருடையது. 1983-க்குள், நல்ல வீடியோ இல்லாமல் பாட்டு ஓடாது என்ற நிலை வந்துவிட்டது. கதை சொல்லும் வீடியோவுக்குப் புதிய பாட்டுதான் தோது.

4. ஒப்பந்தக் கணக்கு. அந்தக் காலத்து ஒலிப்பதிவு ஒப்பந்தங்களில், கலைஞர் தர வேண்டிய ஆல்பங்களின் எண்ணிக்கையில் லைவ் ஆல்பத்தைச் சேர்க்க நிறுவனம் சம்மதித்தாக வேண்டும் என்பது பரவலான விதி. புதிய பாட்டு உள்ளே இருந்தால் நிறுவனத்துக்கும் அதை முழு முயற்சியோடு விற்கக் காரணம் கிடைக்கிறது. தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக ஒரு ஆல்பம் வர வேண்டியிருந்த நிலையில், முழுப் புது ஆல்பம் செய்யாமல் இரண்டே புதுப்பாட்டுகளோடு முடிப்பது கலைஞருக்கும் மூச்சுவிட இடம் தரும்.

‘லவ் இஸ் எ பேட்டில்ஃபீல்ட்’ பாட்டை எழுதியவர்கள் ஹாலி நைட், மைக் சாப்மன் என்ற இருவர். முதலில் மெதுவான பாட்டாக இருந்ததை நீல் ஜிரால்டோ வேகம் கூட்டி, டிரம் எந்திரத்தின் ஓயாத தாளத்தின் மேல் உட்கார வைத்தார். வீடியோவை இயக்கியவர் பாப் ஜிரால்டி; பெயர் ஒத்திருந்தாலும் ஜிரால்டோவுக்கு இவர் உறவில்லை. அதே ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ வீடியோவை எடுத்தவர். அதற்கு நடனம் அமைத்த மைக்கேல் பீட்டர்ஸே இதற்கும் அமைத்தார். அமெரிக்கப் பட்டியலில் பாட்டு ஐந்தாம் இடம் பிடித்தது, ஆஸ்திரேலியாவில் முதலிடம். ஆல்பம் பதின்மூன்றாம் இடம் வரை போய், பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று பெற்றது.

1984 கிராமியில் பெனடாருக்கு நான்காவது விருதைத் தந்ததும் இந்தப் பாட்டுதான். லைவ் ஆல்பத்திலிருந்து வந்த ஒரு ஸ்டூடியோ பாட்டு. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1989-இல், அதே பிரிவில் டினா டர்னரின் ‘டினா லைவ் இன் யூரோப்’ விருது வாங்கியது. அது உண்மையான மேடைப் பதிவு. இரண்டும் ஒரே பெயர் கொண்ட விருது என்பதால் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

அந்த எட்டுப் பாட்டுகளில் என்ன இருக்கிறது?

கைதட்டலைக் கழித்துவிட்டால் மேடை வடிவம் ஸ்டூடியோ வடிவத்திலிருந்து எங்கே வேறுபடுகிறது? இந்த ஆல்பத்தில் அதற்குத் தெளிவான ஒரு பதில் உண்டு, பலர் கவனிக்காதது.

பெனடாரின் முதல் மூன்று ஆல்பங்களும் இரண்டு கிடார்களை நம்பி உருவானவை. ஜிரால்டோவுடன் ஸ்காட் ஷீட்ஸ் இன்னொரு கிடார் வாசித்தார். 1982-இல் ஷீட்ஸ் விலகினார். அவர் இடத்துக்கு இன்னொரு கிடார்க்காரரைத் தேடாமல், கீபோர்டு வாசிக்கும் சார்லி ஜியோர்டானோவைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு வந்த ‘கெட் நெர்வஸ்’ ஆல்பத்தின் ஒலி அதனால் மாறியது. டிரம்ஸில் மைரன் கிராம்பாக்கர், பேஸ் கிடாரில் ரோஜர் கேப்ஸ். இந்த ஐவர் குழுதான் ‘லைவ் ஃப்ரம் எர்த்’ மேடையில் நின்றது.

ஆக, இரண்டு கிடாருக்கென எழுதிய ‘ஹார்ட்பிரேக்கர்’, ‘ஹிட் மீ’, ‘ஃபயர் அண்ட் ஐஸ்’ போன்ற பழைய பாட்டுகளை இங்கே ஒரு கிடாரும் ஒரு கீபோர்டும் சுமக்கின்றன. இரண்டாவது கிடார் அடைத்துக்கொண்டிருந்த இடத்தைக் கீபோர்டின் நீண்ட நாதம் பிடித்துக்கொள்ள, மிச்சமிருந்த ஒரே கிடார் தாளத்தையும் பார்த்து, இடையிடையே தனி வாசிப்பையும் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்டூடியோவில் ஒருவரே இரண்டு தடங்களில் வாசித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். மேடையில் இருப்பது இரண்டு கைகள்தான். இந்த நெருக்கடியே மேடைப் பாட்டுகளுக்கு இறுக்கத்தைத் தருகிறது. ஜியோர்டானோ பல ஆண்டுகள் கழித்து அமெரிக்க ராக் நட்சத்திரம் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டில் சேர்ந்தார் என்பது, அவர் எந்தத் தரத்து வாத்தியக்காரர் என்பதற்குச் சான்று.

குரலைப் பொறுத்தவரை ‘ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்’ பாட்டை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் மீது வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றிய பாட்டு இது. நாளிதழில் வந்த செய்திகளைப் படித்து உருவான பாட்டு. எழுதியவர்களில் பெனடாரும் ஒருவர். மெதுவாக, அடங்கிய குரலில் தொடங்கி, கடைசியில் தாளமே இரட்டித்த மாதிரி வேகமெடுக்கும். ஸ்டூடியோவில் இந்த ஏற்றத்தைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்து சேர்க்கலாம். மூச்சு வாங்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். மேடையில் ஒரே மூச்சோட்டம்தான். அடங்கிய பகுதியில் குரலைச் சேமிக்காவிட்டால் கடைசியில் நிற்காது; அதிகம் சேமித்தால் அடங்கிய பகுதி கடைசி வரிசைக்குக் கேட்காது. இந்தக் கணக்கை அவர் எப்படிப் போடுகிறார் என்பதைக் கேட்பதற்காகவே லைவ் ஆல்பம் வாங்கலாம்.

‘ப்ராமிஸஸ் இன் த டார்க்’ பாட்டும் இதே அமைப்பு: மெல்லிய தொடக்கம், பிறகு பாய்ச்சல். ‘வி லிவ் ஃபார் லவ்’ வேறு ரகம். அதில் குரல் எடை குறைந்து மேலே மிதக்க வேண்டும். சத்தமான பாட்டுகளுக்கு நடுவே அப்படி ஒரு பாட்டை வைப்பது எந்தத் தொண்டைக்கும் சோதனை. ‘லுக்கிங் ஃபார் எ ஸ்ட்ரேஞ்சர்’, ‘ஐ வாண்ட் அவுட்’ இரண்டும் கீபோர்டு வந்த பிறகு பதிவானவை. ஸ்டூடியோ வடிவத்திலிருந்து அதிகம் விலகாதவை.

வினைல் தட்டின் அளவையும் சொல்ல வேண்டும். ஒலித்தரம் கெடாமல் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் அடங்கும். அரீனா கச்சேரி ஒன்றரை மணி நேரம் போவது வழக்கம். ஒரே தட்டு என்று முடிவானபோதே பாதிக்கு மேல் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு புதுப்பாட்டுகளும் வந்ததால் இன்னும் சுருங்கியது. இரட்டைத் தட்டாக வந்திருந்தால் இதைவிட முழுமையான ஆவணமாக இருந்திருக்கும். இந்த ஆல்பத்தின் மெய்யான குறை என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும், ஸ்டூடியோ பாட்டுகளை அல்ல.

பணம் யாருக்கு?

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் எழுதியவருக்கு ஒன்று. பதிவான ஒலிக்கு இன்னொன்று. மேடையில் பாடி மறுபடி பதிவு செய்தால் ஒலிக்குப் புதிய உரிமை பிறக்கிறது. எழுதியவரின் உரிமை பழையதே. ஆனால் அவருக்கு மறுபடி பணம் சேரும்.

1983-இல் அமெரிக்கச் சட்டம் விதித்த தொகை, விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் ஒரு பாட்டுக்கு 4.25 சென்ட். முழு விகிதத்தில் கணக்கிட்டால் பத்து லட்சம் பிரதிக்கு ஒரு பாட்டுக்கு 42,500 டாலர். எழுதியவரும் பதிப்பாளரும் பிரித்துக்கொள்வார்கள். ‘ஹிட் மீ’ பாட்டை எழுதிய எடி ஷ்வார்ட்ஸுக்கும், ‘ஹார்ட்பிரேக்கர்’ எழுதிய ஜெஃப் கில், கிளிஃப் வேட் இருவருக்கும், எந்த வேலையும் செய்யாமலே இன்னொரு வருமானம். பெனடாரும் ஜிரால்டோவும் தாங்களே எழுதிய பாட்டுகளை மேடை ஆல்பத்தில் சேர்க்கும்போது பாடியதற்கும் எழுதியதற்கும் இரண்டு வழியில் பணம் வரும். ஆனால் கலைஞரே எழுதிய பாட்டுக்குச் சட்ட விகிதத்தில் முக்கால் பங்கு மட்டும் தருவது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வது அமெரிக்க நிறுவனங்களின் வழக்கம்.

பதிவான ஒலியின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்திடம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு அதே பாட்டை வேறு நிறுவனத்துக்குப் பாடித் தரக்கூடாது என்ற தடையும் இருக்கும். மேடைப் பதிவுக்கும் அது பொருந்தும். டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தன் பழைய ஆல்பங்களை மறுபடி பாடி வெளியிட்டபோது பேசப்பட்டது இந்தத் தடையைத்தான்.

இன்றைய கேட்பவருக்கு இதனால் என்ன?

வினைல் தட்டை வாங்கியவர் பாட்டுகளை வரிசையாகக் கேட்டார். எட்டுப் பாட்டு ஆரவாரத்தோடு, பிறகு இரண்டு பாட்டு அமைதியாக. உறையைப் பார்த்தாலும் புரிந்துவிடும். இன்று பாட்டுக் கேட்கும் செயலியில் பாட்டு தனியாக வருகிறது, கூடவே ஆல்பத்தின் பெயர் மட்டும். அதனால்தான் நாற்பது ஆண்டுக்கு முன் இல்லாத குழப்பம் இப்போது வருகிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: ஸ்டூடியோ வடிவத்தை எதிர்பார்த்து ‘ஃபயர் அண்ட் ஐஸ்’ போடுபவருக்கு மேடை வடிவம் கிடைக்கலாம். அதன் ஸ்டூடியோ வடிவம் 1981-இன் ‘பிரீஷியஸ் டைம்’ ஆல்பத்தில் இருக்கிறது. ‘ஹார்ட்பிரேக்கர்’, ‘வி லிவ் ஃபார் லவ்’ இரண்டுக்கும் 1979-இன் முதல் ஆல்பம். ‘ஹிட் மீ’, ‘ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்’ இரண்டுக்கும் 1980-இன் ‘கிரைம்ஸ் ஆஃப் பேஷன்’.

இன்னொரு விளைவு, 1983-இல் யாரும் நினைத்திருக்க முடியாதது. 2022-இல் பெனடார், ‘ஹிட் மீ வித் யுவர் பெஸ்ட் ஷாட்’ பாட்டை இனி மேடையில் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். ‘ஷாட்’ என்ற சொல் பாட்டில் அடியைத்தான் குறிக்கிறது. ஆனால் அமெரிக்காவில் தொடர்ந்து நடக்கும் துப்பாக்கிச் சூடுகளில் உறவுகளை இழந்த குடும்பங்களின் முன்னால் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டு பாட முடியவில்லை என்பது அவர் நிலை. ரசிகர்கள் வருந்தினாலும் அந்த முடிவு மதிக்கத்தக்கது. ‘லைவ் ஃப்ரம் எர்த்’ ஆல்பத்தில் அது ஆறாவது பாட்டு. அதற்கு முந்தையது, அடிபடும் குழந்தைகளைப் பற்றிய ‘ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்’.